மூடி, டேப், தெர்மாகோல்: வெந்நீரோட சூடு எந்த வழியா போகுதுன்னு அளந்து பாத்த பதிவு

கடத்தல், சலனம், கதிர்வீச்சுன்னு வெப்பம் பரவுற விதம் மூணுன்னு ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம். ஆனா ஒரு பாத்திரம் வெந்நீரை மேசை மேல வச்சா இந்த மூணுல எது எத்தனை வாட் எடுத்துட்டுப் போகுதுன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது, ஏன்னா நாம சூத்திரத்தைத் தனித்தனியா படிச்சோம், ஒரே பொருள் மேல மூணையும் சேர்த்துப் போட்டுப் பாக்கல. சூடு போகாம ஒரு பெட்டி செய்யணும்னு ஒரு வேலை கைல இருந்துச்சு, அதுக்கு முன்னாடி எந்த ஓட்டை பெருசுன்னு கண்டுபிடிச்சுட்டு அப்புறம் அடைக்கலாம்னு இறங்கினேன். அந்தக் கணக்கும் அளவும்தான் இது.

எடுத்துக்கிட்டது: 12 செ.மீ. விட்டம் 13 செ.மீ. உயரம் உள்ள ஒரு பளபளப்பான ஸ்டீல் பாத்திரம், அதுக்குப் பொருந்துற மூடி, 1.3 கிலோ தண்ணி, குச்சி மாதிரி முனை இருக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டர், 1 கிராம் வரைக்கும் காட்டுற தராசு, மொபைல்ல ஸ்டாப்வாட்ச். தராசை மறந்துடாதீங்க, இந்த மொத்தப் பதிவுலயும் அதிகமா விஷயம் சொன்னது தெர்மாமீட்டர் இல்ல, தராசுதான். பாத்திரத்துக்கு அடில 2 செ.மீ. தெர்மாகோல் துண்டு, அதுக்கு மேல ஒரு அட்டை. அட்டை எதுக்குன்னா தெர்மாகோல் 80 டிகிரிக்கு மேல நேரடியா பட்டா இளகி அமுங்க ஆரம்பிச்சுடும்.

ரூம் 30 டிகிரி. எல்லா அளவுலயும் 80 டிகிரி நடுவுல வர்ற மாதிரி பாத்துக்கிட்டேன், அதாவது சீக்கிரம் ஆறுற ஏற்பாடுன்னா 85, 87ல ஆரம்பிச்சு 75, 73ல நிறுத்தறது. அப்பதான் சராசரி வித்தியாசம் எல்லாத்துக்கும் 50 டிகிரின்னு ஒரே மாதிரி வரும், ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடலாம். நியூட்டன் 1701-லயே சொன்னதுதான் இது, பொருளுக்கும் சுத்தி இருக்கறதுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்துதான் ஆறுற வேகம் இருக்கும், 90ல இருந்து ஆறுறதையும் 60ல இருந்து ஆறுறதையும் பக்கத்துல வச்சுப் பாத்து முடிவு எடுக்கக் கூடாது. இன்னொண்ணு, ரீடிங் எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் தண்ணியைக் கலக்கி விடணும், ஏன்னா ஆறுற தண்ணி பக்கச் சுவர் ஓரமா கீழ இறங்கி அடில தங்கும், கலக்கலன்னா மேலயும் கீழயும் ரெண்டு மூணு டிகிரி வித்தியாசம் வந்து கணக்கையே குழப்பிடும்.

முதல்ல ஒரு எண்ணைப் பிடிச்சு வச்சுக்கலாம். 1 கிலோ தண்ணி 1 டிகிரி ஏற சுமார் 4190 ஜூல் வேணும், 1.3 கிலோவுக்கு 5450. பாத்திரம் 400 கிராம், ஸ்டீலுக்கு கிலோவுக்கு 500 ஜூல், அதனால இன்னொரு 200. மொத்தம் 5650 ஜூல். அதாவது இந்தப் பாத்திரம் 1 டிகிரி இறங்குச்சுன்னா 5650 ஜூல் வெளிய போயிருக்குன்னு அர்த்தம், அதை எத்தனை செகண்ட்ல போச்சோ அதால வகுத்தா வாட் வந்துடும். (இதே எண்ணை வச்சு கெட்டில் கணக்கும் போடலாம், 30ல இருந்து 84 வரைக்கும் ஏத்த 54 டிகிரி, 3 லட்சத்து 5 ஆயிரம் ஜூல், 1500 வாட் கெட்டில்னா மூணரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி, கரண்ட் கணக்குல 0.085 யூனிட்.)

இப்ப ஒரு கணக்கு, இதுலதான் நிறைய பேர் மாட்டிக்குவாங்க. கடத்தலுக்கு ஃபூரியே 1822-ல கொடுத்த சூத்திரம் என்ன, கடத்துத்திறன் பெருக்கல் பரப்பு பெருக்கல் வெப்பநிலை வித்தியாசம் வகுத்தல் தடிமன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோட கடத்துத்திறன் 15, தண்ணி படுற பக்கச் சுவரோட பரப்பு 0.0434 சதுர மீட்டர், தடிமன் 0.8 மி.மீ., உள்ள 80 வெளிய 30 அதனால வித்தியாசம் 50னு போட்டா வர்ற விடை சுமார் 40,000 வாட்! அப்படிப் போனா தண்ணி ஏழே செகண்ட்ல ஆறிப் போயிருக்கணும். சூத்திரம் சரிதான், ஆனா அந்த 50 டிகிரி ஸ்டீல் சுவரோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இல்லவே இல்ல. சுவரோட வெளிப்பக்கமும் கிட்டத்தட்ட 80 டிகிரியிலதான் இருக்கு, தொட்டுப் பாத்தாலே தெரியும். வித்தியாசம் முழுக்க ஸ்டீலுக்கு வெளிய ஒட்டி நிக்குற மெல்லிய காத்துப் படலத்துல இருக்கு.

இதைத் தடை மாதிரி எழுதிப் பாத்தா இன்னும் தெளிவா இருக்கும், கரண்ட்டுக்கு ரெசிஸ்டர் வரிசையா போடற மாதிரியேதான். ஸ்டீல் சுவரோட தடை ஒரு வாட்டுக்கு 0.0012 டிகிரி. வெளிக் காத்தோட தடை (கதிர்வீச்சையும் சேர்த்து) ஒரு வாட்டுக்கு 3 டிகிரி. ரெண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு வித்தியாசம். ஸ்டீலுக்குப் பதிலா 25 மடங்கு நல்லா கடத்துற செம்புப் பாத்திரம் வச்சாலும் ஆறுற நேரத்துல ஒரு மாற்றமும் வராது, ஏன்னா வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறது உலோகம் இல்ல, காத்து. கடத்தல்னு பேச்சு வந்தாலே உலோகத்தைப் பாக்கற பழக்கத்தை விட்டுட்டு, வரிசைல எந்தத் தடை பெருசுன்னு தேடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

சரி, மூடி இல்லாம திறந்து வச்சு முதல் அளவு. 84.2ல ஆரம்பிச்சு 10 நிமிஷத்துல 75.7. எட்டரை டிகிரி, அதாவது 48,000 ஜூல், 600 செகண்ட்ல, 80 வாட். இந்த 80 எங்கெங்க போச்சுன்னு பாக்கலாம்.

பக்கச் சுவர்ல சலனம். செங்குத்தா நிக்குற சின்னப் பரப்புக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பநிலை வித்தியாசத்தை மீட்டர்ல உள்ள உயரத்தால வகுத்து, ரெண்டு தடவை வர்க்கமூலம் எடுத்து, 1.42-ஆல பெருக்கணும். 50 வகுத்தல் 0.115 (தண்ணி நிக்கற உயரம், 11.5 செ.மீ.) வந்து 435, ரெண்டு தடவை வர்க்கமூலம் எடுத்தா 4.57, பெருக்கினா 6.5. இதுதான் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு எத்தனை வாட்னு சொல்ற எண். 6.5 பெருக்கல் 0.0434 பெருக்கல் 50, ஆக 14 வாட்.

பக்கச் சுவர்ல கதிர்வீச்சு. ஸ்டெஃபான் 1879-ல சோதனை அளவுகளை வச்சு சொன்னது, போல்ட்ஸ்மான் 1884-ல கோட்பாட்டுல இருந்து வருவிச்சது, வெப்பநிலையோட நாலாம் அடுக்குன்னு. இங்க கட்டாயம் கெல்வின்லதான் போடணும், செல்சியஸ்ல போட்டா சதுர மீட்டருக்கு 2 வாட்னு ஒரு அர்த்தமில்லாத எண் வரும். அந்த நாலாம் அடுக்கைப் பெருக்கற மாறிலி 5.67 பெருக்கல் பத்தின் மைனஸ் எட்டாம் அடுக்கு, எண் ரொம்பப் பெருசா போகாம இருக்க கெல்வினை 100-ஆல வகுத்துட்டு நாலாம் அடுக்கு எடுத்து 5.67-ஆல பெருக்குங்க, அந்த மைனஸ் எட்டாம் அடுக்கு தானா அடிபட்டுப் போகும். 3.53-ன் நாலாம் அடுக்கு 155.3, 3.03-ன் நாலாம் அடுக்கு 84.3, வித்தியாசம் 71, பெருக்கினா சதுர மீட்டருக்கு 402 வாட். இது முழுக் கருப்புப் பரப்புக்கு. பளபளப்பான ஸ்டீலோட உமிழ்திறன் (கருப்புப் பரப்பு விடற கதிர்ல எத்தனை பங்கை விடுதுங்கற எண்) 0.15 அளவுன்னு எடுத்துக்கிட்டா பக்கச் சுவர்ல இருந்து போறது வெறும் 2.6 வாட்.

தண்ணியோட மேல்பரப்பு 0.0113 சதுர மீட்டர்தான். தண்ணி பாக்க நிறமே இல்லாம இருந்தாலும் வெப்பக் கதிருக்கு அது கிட்டத்தட்ட கருப்பு, உமிழ்திறன் 0.96, அதனால 4.4 வாட். மேல எழும்புற காத்துல இன்னொரு நாலரை. அடில தெர்மாகோல் வழியா 1 வாட். எல்லாத்தையும் கூட்டுங்க, 14, 2.6, 4.4, 4.5, 1. மொத்தம் 26.5 வாட். ஆனா அளந்தது 80! மீதி 53 வாட் எங்க?

இங்கதான் தராசு. பாத்திரத்தைத் தராசு மேலயே வச்சிருந்தேன், அந்த 10 நிமிஷத்துல 14 கிராம் குறைஞ்சிருந்துச்சு. 80 டிகிரில 1 கிராம் தண்ணி ஆவியாக சுமார் 2310 ஜூல் வேணும், 14 கிராமுக்கு 32,300 ஜூல், 600-ஆல வகுத்தா 54 வாட். கணக்கு சரியா வந்துடுச்சு. புத்தகத்துல இருக்கற மூணு வழியும் சேர்ந்து மூணுல ஒரு பங்குதான், மூணுல ரெண்டு பங்கு ஆவியாதல் தூக்கிட்டுப் போகுது. உள்ளுறை வெப்பம்னு ஒரு பாடம் படிச்சோமே, அது இப்படி ஒரு சின்னத் தராசுல கண்ணு முன்னாடி வந்து நிக்கறதைப் பாக்கறப்ப எனக்கு நிஜமாவே ஒரு சந்தோஷம், ரெண்டு சம்பந்தமில்லாத கருவி, ஒண்ணு டிகிரி காட்டுது இன்னொண்ணு கிராம் காட்டுது, ரெண்டும் ஒரே விடைக்கு வந்து சேருது.

ஆக முதல் வேலை மூடி. தெர்மாமீட்டர் போக ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுத்தித் துணி. 83.7ல ஆரம்பிச்சு 30 நிமிஷம் கழிச்சு 76.2, ஏழரை டிகிரி, 23.5 வாட். 80ல இருந்து 23.5! தராசுல 1 கிராம் குறைவு, அது இடுக்குல கசிஞ்ச ஆவி, 1.3 வாட். மூடியும் சூடாகி மேல 4 வாட் விடுது, பக்கம் 14, 2.6, அடி 1, கசிவு 1.3, கூட்டினா 23. அரை வாட் வித்தியாசத்துல கணக்கும் அளவும் ஒத்துப் போகுது. வேற எந்தப் பொருளும் வாங்காம, செய்யாம, ஒரு மூடி மட்டும் முக்கால்வாசி இழப்பை நிறுத்திடுது, இதுக்கு அப்புறம் நாம செய்யற எல்லாமே மீதிக் கால்வாசியோட சண்டைதான்.

அடுத்து கதிர்வீச்சைத் தனியா பிரிச்சுப் பாக்கணும்னு பக்கச் சுவர் முழுக்க கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து ஒட்டினேன். பேர்லயே இன்சுலேஷன் இருக்கு, ஆனா அது கரண்ட்டுக்கு. வெப்பத்துக்கு அதோட தடை எவ்வளவுன்னா 0.15 மி.மீ. தடிமன், காத்துப் படலத்தோட தடைல நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான், ஒண்ணுமே இல்லைன்னு வச்சுக்கலாம். உமிழ்திறன் மட்டும் 0.15ல இருந்து 0.95க்குத் தாவிடுது. கணக்குப்படி கதிர்வீச்சு 2.6ல இருந்து 16.6 வாட் ஆகணும், மொத்தம் 37 வாட். அளவு: 85.8ல இருந்து 30 நிமிஷத்துல 74.3, பதினொன்றரை டிகிரி, 36 வாட். மேல ஒரு போர்வை மாதிரி சுத்தியும் பாத்திரம் ஒன்றரை மடங்கு வேகமா ஆறுது. அந்த டேப் மேலயே அலுமினிய ஃபாயிலை ஒரு சுத்து சுத்தினதும் 7 டிகிரிக்குத் திரும்பிடுச்சு, டேப் உள்ள அப்படியே இருக்கு, ஆனா வெளிய தெரியற பரப்பு எதுவோ அதுதான் கதிரை விடுது.

கண்ணுக்குக் கருப்பா தெரியறது வேற, வெப்பக் கதிருக்குக் கருப்பு வேற, இதையும் சொல்லிடணும். இந்த வெப்பநிலைல வெள்ளைக் காகிதம், வெள்ளைப் பெயிண்ட் எல்லாத்துக்கும் உமிழ்திறன் 0.9 பக்கம், கருப்புப் பெயிண்ட்டுக்கும் அதேதான். வித்தியாசம் பண்றது நிறம் இல்ல, பளபளக்குற உலோகமா இல்லையாங்கறதுதான்.

துப்பாக்கி மாதிரி பிடிச்சு அளக்கற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சிருக்கறவங்க இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. 80 டிகிரி ஸ்டீல் சுவர்ல அதை நீட்டினா 40-க்குப் பக்கத்துல காட்டும், ஒரு இஞ்ச் தள்ளி டேப் ஒட்டின இடத்துல நீட்டினா 78, 79 காட்டும். கருவில கோளாறு இல்ல, ஸ்டீல் தன் கதிரைக் கொஞ்சமா விட்டுட்டு ரூமோட கதிரைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்புது, கருவி அதைத்தான் படிக்குது. பளபளப்பான எந்த உலோகத்தையும் இதால அளக்கணும்னா ஒரு துண்டு டேப் ஒட்டி, அது சூடானதும் டேப்பைப் பாத்து அளங்க. சூடான பாத்திரத்தை "40தான் காட்டுது"ன்னு நம்பித் தூக்கினா கை வெந்துடும்.

சலனத்துக்கு ஃபேன். டேப்பையும் ஃபாயிலையும் எடுத்துட்டு, மூடி போட்டு, மிதமான காத்து நேரா படற மாதிரி வச்சா 30 நிமிஷத்துல 87ல இருந்து 73, 44 வாட். ஃபேன் போட்டதால மாறினது சலனம் மட்டும்தான், கதிர்வீச்சுக்குக் காத்து அடிக்கறதே தெரியாது, அதனால கூடின 20 வாட்டும் சலனத்தோட கணக்கு, அந்த 6.5ங்கற எண் 14 பக்கம் போயிருக்கு. நெட்ல அட்டவணை தேடாமலே இப்படி ஒரு பாத்திரமும் கடிகாரமும் வச்சு அந்த எண்ணைக் கண்டுபிடிச்சுடலாம்.

இனி பெட்டி. தெர்மாகோலோட கடத்துத்திறன் 0.035ல இருந்து 0.04, அசையாத காத்து 0.026. தெர்மாகோல் வேலை செய்யறதே உள்ள அடைஞ்சு கிடக்கற காத்தாலதான், அந்தக் காத்தை நகர விடாம பிடிச்சு வைக்கறதுதான் அதோட வேலை. 3 செ.மீ. தட்டை வளையம் வளையமா வெட்டி, 5 வளையம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒட்டினேன். மெல்லிய கூர்மையான பிளேடால மெதுவா அறுத்தா போதும், சூடு பண்ணின கத்தி வேணாம், அந்தப் புகை நல்லதில்ல. ஒட்டறதுக்கு மரத்துக்குப் போடற வெள்ளைப் பசை, கடுமையா வாசம் வர்ற பசை எதுவா இருந்தாலும் அதுல உள்ள கரைப்பான் தெர்மாகோலையே தின்னுடும். உள்பக்கம் ஒரு சுத்து அட்டை, அடிலயும் மேலயும் அதே 3 செ.மீ. வட்டத் தட்டு, அங்கயும் சூடு நேரா படாம இருக்க மடிச்ச துணி.

வளைஞ்ச பரப்பா இருக்கறதால தட்டையான சுவருக்குப் போடற சூத்திரம் சரி வராது, வெளி ஆரத்தை உள் ஆரத்தால வகுத்து மடக்கை எடுக்கணும். 9 வகுத்தல் 6, இயல் மடக்கை 0.405. பக்கச் சுவரோட தடை ஒரு வாட்டுக்கு 14 டிகிரி, வெளிக் காத்தோட தடை ஒன்றரை, மொத்தம் பதினஞ்சரை. 50-ஐ இதால வகுத்தா 3.2 வாட். முன்னாடி காத்துப் படலம்தான் பெரிய தடையா இருந்துச்சு, இப்ப அது பத்துல ஒண்ணா சுருங்கிப் போச்சு பாருங்க, அதனால இப்போ வெளிப்பக்கம் ஃபாயில் ஒட்டினாலும் ஃபேன் போட்டாலும் பெருசா எதுவும் மாறாது. மேலயும் கீழயும் ஓரங்களையும் சேர்த்து 2 வாட். மொத்தம் 5.2.

80 டிகிரில மூடி வச்சா 8 மணி நேரம் கழிச்சு என்ன இருக்கணும்? வித்தியாசம் 1 டிகிரிக்கு 0.104 வாட், அதை 5650-ஆல வகுத்து 28,800 செகண்ட்டால பெருக்கினா 0.53, அதை மைனஸா அடுக்குக்குறி சார்புல (e-யோட அடுக்கா) போட்டா 0.59, ஆக 50 டிகிரி வித்தியாசம் 29 ஆகும், தண்ணி 59ல இருக்கணும். திறந்து பாத்தப்ப 54. அஞ்சு டிகிரி குறைவு. அதுல ஒரு டிகிரி அட்டையும் துணியும் சூடாக எடுத்துக்கிட்டது. மீதிக்கு மூடித் தட்டோட விளிம்பைத் தடவிப் பாத்தேன், ஒரு பக்கம் வெதுவெதுப்பா இருந்துச்சு, அங்க இடுக்கு. துணியை நாடா மாதிரி மடிச்சு விளிம்பு முழுக்க ஒட்டினதும் அதே 8 மணி நேரத்துக்கு 57 வந்துச்சு.

இதே கணக்கை சுடுதண்ணி பைப்புக்கு நுரை உறை போடறவங்களும் போட்டுப் பாக்கலாம், ஆனா மெல்லிசான பொருள்ல ஒரு விசித்திரம் இருக்கு. கடத்துத்திறனை அந்த சலன எண்ணால (கதிர்வீச்சையும் சேர்த்து சுமார் 10) வகுத்தா ஒரு ஆரம் வரும், அதைவிடச் சின்ன ஆரம் உள்ள பொருளுக்கு உறை போட்டா முதல்ல இழப்பு கூடத்தான் செய்யும், ஏன்னா உறை தடையைக் கூட்டுறதைவிட வெளிப்பரப்பை அதிகமா கூட்டுது. நுரைக்கு அது மூணரை மி.மீ., அதனால சாதாரண பைப்புக்குக் கவலையே வேணாம். வயர் மேல இருக்கற பிவிசிக்கு அதே கணக்கு 17 மி.மீ. வரும், அதாவது மெல்லிய வயருக்கு அந்த உறை சூட்டை வெளியேத்த உதவிதான் பண்ணுது.

பெட்டியை இன்னும் தடிமனா செய்யலாமான்னு அடுத்து கணக்குப் போட்டேன். 3 செ.மீ.க்குப் பதிலா 6 செ.மீ. போட்டா தெர்மாகோல் ரெண்டு மடங்குக்கும் மேல செலவாகும், ஆனா மடக்கை 0.405ல இருந்து 0.693 வரைக்கும்தான் போகுது, பக்க இழப்பு பாதி ஆகாது, நூத்துக்கு நாப்பது குறையும், அவ்வளவுதான். அதே சமயம் விளிம்பு இடுக்குல இன்னும் முக்கால் வாட் போயிட்டு இருக்கு, அது தடிமனைக் கூட்டினா குறையாது. அதனால தடிமனை அப்படியே விட்டுட்டு மூடித் தட்டுல ஒரு படி வெட்டி உள்ள 2 செ.மீ. இறங்கி உக்கார்ற மாதிரி செய்யப் போறேன், காத்து நேரா வெளிய வர முடியாம ஒரு வளைவு எடுத்து வரணும். பசை காயறதுக்கு வச்சிருக்கேன்.